ரெண்டு பேருக்கு ஒரு பை

— விடுங்க அண்ணி, பிஞ்சிடப் போகுது.

— நீ விடு சிட்டு. இழுக்கறது நீ.

— நான் சாயங்காலமே எடுத்துக் கதவோரமா வெச்சிட்டேன். தொடைச்சு, லேஸ் கட்டி...

— இந்த ஷூவுல லேஸே கிடையாது. பொய் சொன்னாலும் அளவு பாத்துச் சொல்லணும்.

— சரி, தொடைச்சேன். அது பொய்யில்ல. தொடைச்சவளுக்குத் தானே ஷூ?

— அப்படிப் பாத்தா ஆஸ்பத்திரியையே ஆயாம்மா பேருக்கு எழுதி வெச்சிடணும்.

— சிரிப்பு காட்டிப் பிடுங்கப் பாக்காதீங்க. நம்ம சட்டம் என்ன? வார்டுக்குப் போறவளுக்கு ஷூ, வீட்டுல இருக்கறவளுக்கு ரப்பர் செருப்பு.

— அந்தச் சட்டத்தைத் தான் நானும் சொல்றேன். நான் வார்டுக்குப் போறேன்.

— எப்ப?

— இப்ப. நைட் டூட்டி.

— நைட் டூட்டி எனக்கு இல்ல?

— உனக்கா?

— எனக்குத் தான். பொறுப்பு சிஸ்டர் மத்தியானமே போன்ல சொல்லிட்டாங்க.

— எனக்கும் மத்தியானம் தான் சொன்னாங்க.

— ரெண்டு பேருக்குமா? அந்தம்மாவுக்கு நம்ம வீட்டுக் கதை தெரியாதா? அம்மா படுக்கையில விழுந்ததுலேந்து நாம ரெண்டு பேரும் ஒரே ராத்திரி வெளிய போனதே இல்லையே. ஒருத்தி வார்டுல இருந்தா ஒருத்தி வீட்டுல. அதனால தானே ஒரு ஷூ, ஒரு கடிகாரம், ஒரு டார்ச்சு, ஒரு பைன்னு ஓட்டிக்கிட்டு இருக்கோம்.

— ஓடுது இல்ல? அப்புறம் என்ன?

— இன்னிக்கு ஓடாதே அண்ணி. காலு நாலு, ஷூ ரெண்டு.

— ஏய், அங்க நடக்கறது வீடா, சந்தையா?

— ஒண்ணுமில்லம்மா. நீ தூங்கு.

— இன்னும் தெரு விளக்கே எரியல, தூங்கச் சொல்றா பாரு. கட்டில்ல கிடக்கறவளுக்கு எப்பவும் ராத்திரின்னு நினைப்பு. மருமகளே, நீ சொல்லும்மா. என்ன சண்டை?

— ஷூ சண்டை அத்தை.

— ஒரு கால் உனக்கு, ஒரு கால் அவளுக்கு. முடிஞ்சுது. போய் வேலையைப் பாருங்க.

— எங்க ரெண்டு பேருக்குமே இன்னிக்கு நைட்டாம் அத்தை.

— ஓஹோ.

— என்னம்மா ஓஹோ? உன்னை யாரு பாத்துக்கறது?

— அதை என்னைக் கேட்டா? நான் நோயாளி. நோயாளி கேள்வி கேக்கலாம், பதில் சொல்லக் கூடாது. ஆஸ்பத்திரில நீங்க அப்படித் தானே வெச்சிருக்கீங்க?

— அண்ணி, நீங்க போன் போட்டு வர முடியலைன்னு சொல்லிடுங்க.

— நீ சொல்லேன்.

— என்னால முடியாது. அங்க ஆளே இல்ல. ரெண்டு பேர் லீவு.

— எங்கிட்டயும் ரெண்டு பேர் லீவுன்னு தான் சொன்னாங்க. அந்த ரெண்டு இடத்துக்குத் தான் நாம போல.

— அப்ப நீங்க நிக்க மாட்டீங்க.

— நீ நிப்பியா?

— மாட்டேன்.

— பாத்தியா.

— சரி, ஆஸ்பத்திரி வேன் வரதுக்குள்ள பையைப் பிரிச்சுக்குவோம். அப்புறம் அம்மாவுக்கு ஒரு வழி யோசிப்போம்.

— கேட்டுக்கோ மருமகளே. முதல்ல ஷூ, அப்புறம் பெத்தவ.

— நீ சும்மா இரும்மா. பையைக் கொட்டுங்க அண்ணி.

— கொட்டாதே. எடுத்து வை, ஒவ்வொண்ணா. கடிகாரம்.

— கடிகாரம் எனக்கு. நாடி பிடிக்கும்போது போனை எடுத்துப் பாத்துக்கிட்டா இருக்க முடியும்? கையிலயும் கட்டக் கூடாது, அழுக்கு தங்கும்னு விட மாட்டாங்க.

— மார்ல தலைகீழா குத்திக்கிட்டு அதை நீ எப்பவாவது குனிஞ்சு பாத்திருக்கியா? நோயாளியை எழுப்பி மணி கேக்கறவ நீ.

— ஒரே ஒரு தடவை. அவரு தூக்கம் வராமப் புரண்டுக்கிட்டு இருந்தாரு. பேச்சுக் குடுக்கணுமேன்னு கேட்டேன்.

— சரி, கடிகாரம் உனக்கு. டார்ச்சு எனக்கு.

— டார்ச்சு எதுக்கு? உங்க போன்ல தான் லைட் இருக்கே.

— போன் லைட்டை மூஞ்சில அடிச்சா தூங்கறவன் ரயில் வருதுன்னு எழுந்து உக்காருவான். இது பேனா அளவு. விரலால மூடிப் பிடிச்சா சிவப்பா, கொஞ்சூண்டு வெளிச்சம் கசியும். நெஞ்சு ஏறி இறங்கறதைப் பாத்துட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிடலாம்.

— எனக்கே பாடமா? அதை உங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்.

— சொன்னது நீ. செய்யறது நான்.

— சொல்லாம இருந்திருந்தா நீங்க இன்னும் குதிகால் செருப்போட தான் வார்டைச் சுத்திக்கிட்டு இருப்பீங்க. முதல் நைட்டுக்கு எப்படி வந்தாங்க தெரியுமாம்மா? டக்கு டக்குன்னு. ஒரு பெரியவரு எழுந்து, யாரு குதிரையை உள்ள விட்டதுன்னு கேட்டாரு.

— அது ரொம்ப வருஷம் வேலைக்குப் போகாம இருந்ததால. இப்ப என் காலடி கேக்குதா சொல்லு.

— கேக்காது. இப்ப நீங்க பக்கத்துல வந்து நின்னாலும் தெரியாது. அதனால தான் அந்தப் புது டாக்டர் உங்களைப் பாத்துப் பேய்னு கத்தினான்.

— சாக்ஸை நீ எடுத்துக்கோ.

— முழங்கால் வரைக்கும் இறுக்கிப் பிடிக்குமே, அதுவா? உங்களுக்கு வேண்டாமா?

— உனக்குத் தான் நரம்பு சுருட்டிக்கிது. விடியும்போது உன் காலைப் பாத்தா கொடி ஏறின சுவர் மாதிரி இருக்கு. எடுத்துக்கோ.

— சண்டை நடுவுல இப்படி நல்லவங்களா ஆகாதீங்க அண்ணி. எனக்கு அடுத்த பேச்சு வர மாட்டேங்குது.

— உனக்கா வராது? ஸ்வெட்டர்?

— உங்களுக்கு. விடியக்காலம் பல்லு தந்தி அடிக்கறது உங்களுக்குத் தான். கயிறு கட்டின கத்தரிக்கோல் எனக்கு. கைக்குப் போடற கிரீம்?

— பாதியைப் பிதுக்கி மாத்திரை டப்பாவுல போட்டுக் குடு. எனக்கும் விரலிடுக்கு வெடிச்சுக் கிடக்கு, கழுவிக் கழுவி.

— பேனா ரெண்டு இருக்கு. ஆளுக்கு ஒண்ணு. டாக்டர் வந்தா ஒளிச்சு வெச்சுக்கோங்க. டாக்டர் கைக்குப் போன பேனா திரும்பி வந்ததா சரித்திரமே இல்ல.

— போனதெல்லாம் அப்படியே திரும்பி வராம இருந்தா நல்லது தான்.

— என்ன?

— கடலைப் பொட்டலம் ஆளுக்குப் பாதி.

— அதுக்கு முன்னாடி என்னமோ சொன்னீங்க.

— காதுல விழுந்துச்சுன்னா எதுக்குத் திரும்பக் கேக்கற?

— போனதெல்லாம்னா எது அண்ணி?

— பேனா.

— பேனாவுக்கா மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டீங்க?

— ரெண்டும் எப்ப உடையும்னு நானும் பாத்துக்கிட்டே இருக்கேன். அடி, இங்க வாங்க ரெண்டு பேரும். கத்திக் கத்தித் தொண்டை போகுது. என்னைத் தூக்கி உக்கார வைங்க.

— இதோ வந்துட்டோம் அத்தை. சிட்டு, நீ முதுகுப் பக்கம்.

— இடது கையை இழுக்காதடி, பேரு தான் நர்ஸு. உணர்ச்சி செத்த கையை இழுத்தா உசுரோட இருக்கற தோள் தான் கத்துது. ஆ, அப்படி. தலகாணியை இன்னும் கொஞ்சம் தள்ளு. இப்ப கேட்டுக்கோங்க. இந்த வீட்டுல நடக்கறவங்க ரெண்டு பேரு, படுத்திருக்கறவ ஒருத்தி. நடக்கறவங்களுக்குக் காலு, படுத்தவளுக்குக் காது. சிட்டு, நேத்து மொட்டை மாடிக்குத் துணி எடுக்கறேன்னு போய், ‘நாளைக்கு எனக்கு நைட் போடுங்க சிஸ்டர், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்’னு யாருடி கெஞ்சினது?

— அது வந்து...

— என் ஜன்னலுக்கு நேர் மேல நின்னு ரகசியம் பேசற ஒரே ஆளு நீ தான். மருமகளே, நீ மட்டும் என்ன? குழாயைத் திறந்து விட்டுட்டுப் போன் பேசினா தண்ணி தான் வீணு. ‘சிட்டு வீட்டுல இருப்பா, நான் வரேன் சிஸ்டர், முடியாதுன்னு சொல்லிடாதீங்க.’ சொன்னியா, இல்லையா?

— சொன்னேன் அத்தை.

— அவ்வளவு தான். யாரும் உங்க தலையில கட்டல. ரெண்டு பேரும் கேட்டு வாங்கின டூட்டி. வீட்டுல வேற யாரோ வந்திருக்காங்க போலன்னு அந்த சிஸ்டர் ரெண்டு பேரையும் போட்டுடுச்சு.

— ஏன் அண்ணி கேட்டீங்க?

— நீ ஏன் கேட்ட?

— நான் தான் முதல்ல கேட்டேன்.

— சின்னவ நீ. முதல்ல சொல்லு.

— ஒரே ஒரு மாசம் பெரியவங்க, அதுக்கு இந்த அதட்டல். சரி, அது கிடக்கட்டும். அண்ணன் போன் பண்ணினான்.

— ம்.

— என்ன ம்? அண்ணன் அண்ணி. உங்க புருஷன். கடைக்குப் போயிட்டு வரேன்னு போய் மூணு வருஷமா கடையிலயே நிக்கறானே, அவன். இன்னிக்கு வரானாம். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னான்.

— எனக்கும் பண்ணினார்.

— உங்களுக்குமா?

— உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னார்.

— ஏன், பெத்தவ எனக்கும் தான் பண்ணினான். யாருகிட்டயும் மூச்சு விடாதேன்னான். வீட்டுல இருக்கறதே மூணு பேரு, மூணு பேருக்கும் தனித்தனியா ரகசியம். கழுதை கெட்டா குட்டிச்சுவரு. எங்க போய் முட்டிக்கிட்டானோ, திரும்பி வரான்.

— உன்கிட்ட என்னம்மா சொன்னான்?

— முதல்ல நீங்க சொல்லுங்க. நான் கடைசி.

— எங்கிட்ட, ‘அவளை என்கூடக் கூட்டிட்டுப் போகத் தான் வரேன், அவளுக்கும் சம்மதம், நீ குறுக்க நிக்காதே’ன்னான்.

— எனக்குச் சம்மதம்னா?

— அப்படித் தான் சொன்னான்.

— எங்கிட்ட வேற சொன்னார். இனிமே இங்கயே இருக்கப் போறாராம். ‘அம்மாவும் சிட்டுவும் சரின்னுட்டாங்க, நீ மட்டும் மூஞ்சியைத் தூக்காதே’ன்னார். நீ வேலையை விட்டுடலாம்னும் சொன்னார்.

— நான் எங்க சரின்னு சொன்னேன்? சத்தியமா சொல்லல அண்ணி. அவன் பேசினதுல பாதி நேரம் நான் ‘ஹலோ ஹலோ கேக்கல’ன்னு தான் சொல்லிக்கிட்டு இருந்தேன்.

— எங்கிட்ட அவன் ரெண்டே வார்த்தை. ‘ஒரு ராத்திரி தங்கிட்டு, விடிஞ்சதும் கிளம்பிடறேன்மா.’ மூணுல எது நிஜமோ. பெத்தவகிட்ட சொல்றது நிஜமா இருக்கும்பாங்க. இவன் விஷயத்துல அதையும் நம்பறதுக்கில்ல.

— சரி, வரான்னு தெரிஞ்சதும் நீங்க ஏன் ஓடப் பாத்தீங்க அண்ணி? நேரா கேக்க வேண்டியது தானே என்னை?

— கேட்டு, நீ ஆமான்னு சொல்லிட்டா?

— எதுக்கு ஆமான்னு சொல்வேன்?

— அண்ணன் சிட்டு. கூடப் பொறந்தவர். வாசல்ல வந்து நின்னா உனக்கு மனசு இளகும். இளகட்டும், தப்பில்ல. ஆனா நடுவுல நான் யாரு? அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு இந்த வீட்டுக்குள்ள வந்தேன். அவர் போனப்புறமும் இருக்கேன். இருன்னு யாரும் சொல்லல, போன்னும் யாரும் சொல்லல. நானா இருந்துக்கிட்டேன். அவர் வந்து உக்காந்து, நீங்களும் சரின்னுட்டா, அடுத்த நாள்லேந்து நான் மறுபடியும் அடுப்படி. எனக்கு நைட் வேலைக்குப் போற பொண்டாட்டி வேண்டாம்னு சொல்லி வேலையை விட வெச்சவர் அவர். அதை வாங்கித் திரும்ப என் கையில குடுத்தது நீ. அந்த ‘சரி’யை உன் வாயால சொல்ற நேரத்துல நான் இங்க இருக்க வேண்டாம்னு பாத்தேன்.

— நல்லா இருக்கு நியாயம்.

— நீ ஏன் ஓடப் பாத்த? அதைச் சொல்லு.

— நீங்க பெட்டியோட படி இறங்கறதை நான் பாக்கணுமா?

— நான் எதுக்கு இறங்கப் போறேன்?

— சம்மதம்னு சொன்னானே. நான் நம்பிட்டேன். நீங்க ரெண்டு நாளா பேசவே இல்ல. அலமாரியை வேற ஒழிச்சீங்க.

— கரப்பான் பூச்சி மருந்து அடிக்க ஒழிச்சேன்.

— அது எனக்கு எப்படித் தெரியும்? நீங்க போயிட்டா நான் என்ன செய்வேன்னு யோசிச்சேன். அம்மாவை ஒத்தையாத் தூக்கிடுவேன். அது இல்ல. காலையில நம்ம வாசல்ல ஷூவைக் கழட்டி உங்க கையில குடுப்பேன், நீங்க அப்படியே போட்டுக்கிட்டு வார்டுக்குப் போவீங்க. ஒரு நாளாவது அது ஆறினப்புறமா போட்டிருக்கீங்க? என் காலுச் சூட்டுல உங்க காலை வெக்கறீங்க, உங்க காலுச் சூட்டுல நான் வெக்கறேன். இதுக்கு மேல நீங்க யாருன்னு ஒருத்தர் வந்து சொல்லணுமா? நானா இருந்துக்கிட்டேனாம்.

— அழாதே.

— அழல. கோவம்.

— மருமகளே, நானும் ஒண்ணு சொல்லிடறேன். நீ அவன் வழியா தான் வந்த. இல்லைங்கல. வந்த வழி இடிஞ்சு போச்சுன்னா வந்தவ இல்லைன்னு ஆயிடுமா? இந்த முதுகுல ஒரு புண்ணு இல்ல இன்னிய வரைக்கும். டாக்டரே தொட்டுப் பாத்துட்டு யாரு பாக்கறான்னு கேட்டாரு. பெத்த ரெண்டுல ஒண்ணு, பெறாத ஒண்ணுன்னு சொன்னேன். புரியலைன்னு தலையைச் சொறிஞ்சுக்கிட்டுப் போயிட்டாரு.

— அத்தை...

— போதும், கையை விடு. உணர்ச்சி இருக்கற கை இது ஒண்ணு தான், அதையும் நசுக்காதே.

— அம்மா, உனக்கு அவனைப் பாக்கணுமா? நிஜத்தைச் சொல்லு.

— பெத்தவடி. பாக்கணும். பாத்துட்டுத் திட்டணும். திட்டிட்டு மறுபடியும் பாக்கணும். ஆனா அவன் வரான்னு இந்த வீட்டுல ஒரு நாற்காலி இடம் மாறக் கூடாது. கேட்டுக்கோங்க ரெண்டு பேரும்.

— நீ விழுந்தது அவனுக்குத் தெரியுமா?

— எப்படித் தெரியும்? நல்லா இருக்கியாம்மான்னான். நல்லா இருக்கேன்டான்னேன். அதுக்கு மேல கேட்டாத் தானே.

— பொறு சிட்டு. வேன் வர இன்னும் நேரம் இருக்கா?

— கொஞ்சம் இருக்கு. ஏன்?

— அத்தை, அவர் எப்ப வரார்னு ஏதாவது தெரியுமா?

— நீங்க ஷூவுக்கு அடிச்சுக்கிட்டு இருந்தப்ப மறுபடியும் போன் அடிச்சான். பஸ் ஸ்டாண்டுல இறங்கிட்டானாம். நடந்து வரானாம்.

— அப்ப இப்ப வந்துடுவார்.

— ஐயோ, வாங்க அண்ணி, பின்பக்கமா இறங்கிடலாம்.

— எதுக்கு? நம்ம வீடு. முன்பக்கமாவே போவோம். கேட்டு வாங்கின டூட்டி, ரெண்டு பேரும் போறோம்.

— அம்மாவை?

— ஆள் தான் வருதே.

— யாரு? கீழ்வீட்டு அக்காவா? அவங்களுக்கு நாளைக்குள்ள தெச்சுக் குடுக்க வேண்டிய துணியே மலையாட்டம்... அண்ணி. நீங்க அவனைச் சொல்றீங்களா?

— ஒரு ராத்திரி தங்க வரார் இல்ல. ஒரு ராத்திரி வேலை தான் இருக்கு.

— அவனுக்குச் சுடுதண்ணி வெக்கத் தெரியாது அண்ணி. அம்மாவைத் திருப்பறேன்னு கட்டிலைத் திருப்பிடுவான்.

— உனக்கும் எனக்கும் முதல் நாள் தெரிஞ்சுதா? கீழ்வீட்டு அக்காகிட்ட நான் சொல்லிட்டுப் போறேன். அவங்க எப்படியும் மிஷினை விட்டு எழுந்திருக்க மாட்டாங்க இன்னிக்கு. அப்பப்ப மேல வந்து எட்டிப் பாக்கச் சொல்றேன். அவர் படி இறங்கினா அவங்க வாசல் வழியாத் தான் இறங்கணும். பையோட இறங்கினார்னா அக்கா மேல வந்து உக்காந்துப்பாங்க, நமக்கும் போன் வந்துடும். ஆஸ்பத்திரிலேந்து ஆட்டோ பிடிச்சா பத்து நிமிஷத்துல வந்துடலாம். அத்தை, இதெல்லாம் உங்களுக்குச் சம்மதமா இருந்தா தான். பயமா இருந்தா சொல்லுங்க. ஷூவைச் சிட்டுகிட்ட குடுத்துட்டு நான் நின்னுடறேன். வருத்தமே இல்ல.

— பயமா? எனக்கா? துணி மாத்தும்போது வெக்கப்பட வேண்டியவன் அவன். அவனுக்கு நான் மாத்தினப்ப அவன் வெக்கப்பட்டானா, காலை உதைச்சுக்கிட்டுச் சிரிச்சான். போங்கடி. என் பிள்ளைக்கு என்னை அறிமுகப்படுத்தி வெச்சுட்டுப் போங்க.

— அம்மா, நீ விளையாடலையே?

— நான் விளையாடி எவ்வளவு நாளாச்சு. இன்னிக்காவது விளையாடறேன், விடு.

— சரி. அப்ப ஷூ?

— நீ போட்டுக்கோ. நான் அங்க ஆபரேஷன் தியேட்டர் செருப்பு ஒண்ணு கேட்டு வாங்கிக்கறேன்.

— அந்த ரப்பர் செருப்பா? அதுல விடிய விடிய நின்னா இடுப்பு கழண்டுடும். பாதி ராத்திரி நான், பாதி ராத்திரி நீங்க. டீ குடிக்கற நேரத்துல மாத்திக்குவோம். ஒரே வார்டு தானே.

— பாதியில மாத்தினா உனக்குப் பின்பாதி வலிக்கும்.

— அண்ணி, கதவு.

— கேட்டுச்சு.

— நான் திறக்கட்டுமா?

— நானே திறக்கறேன். நீ பையை மாட்டு.

— கொண்டையைச் சரி பண்ணிக்கோங்க.

— எனக்கு வேலைக்குப் போற கொண்டை இது. போதும்.

— அம்மா, நீ கொஞ்சம் படுத்துக்கயேன். உக்காந்து இப்படி முறைச்சா அவன் வாசலோட போயிடுவான்.

— நான் உக்காந்தே பாக்கறேன். நகரு, மறைக்காதே.

— வாங்க. செருப்பை வெளிய விட்டுடுங்க. பையை இப்படிக் குடுங்க. முதல்ல கை கழுவுங்க, சோப்பு போட்டு. அந்தப் பக்கம் இல்ல, குழாய் இப்ப இங்க இருக்கு.

— இந்தச் சின்னப் பை தானா அண்ணா? குடியிருக்க வரவன் பையும் இல்ல, ஒருத்தரைக் கூட்டிட்டுப் போக வரவன் பையும் இல்ல. அம்மாகிட்ட சொன்னது தான் நிஜம் அண்ணி.

— வாடா. கிட்ட வா. அங்கயே நின்னு என்ன பாக்கற? நான் தான். கையும் காலும் ஒரு பக்கம் போச்சு, வாய் போகல. நீ பயப்பட வேண்டியது அதுக்குத் தான். என்னடா, எதுக்கு இப்ப அழற? மூக்கைத் துடைச்சு விட எனக்கு ஒரு கை தான் இருக்கு, அதுவும் எட்டாது. நீயே துடைச்சுக்கோ.

— அத்தை, வேன் முனையில ஹார்ன் அடிக்குது. அவர் அப்புறம் அழட்டும். இங்க பாருங்க, ஒரு தடவை தான் சொல்வேன், கவனமாக் கேளுங்க. அத்தை சாப்பிட்டாச்சு, மாத்திரையும் குடுத்தாச்சு. தண்ணி கேட்டா இப்படி உக்கார வெச்சு, ஸ்பூன்ல. படுக்க வெச்சு ஊத்தினா புரை ஏறும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாத்திப் படுக்க வெக்கணும்.

— தோளைப் பிடிச்சு இழுக்காதே அண்ணா. இடுப்புக்கும் முதுகுக்கும் கையைக் குடு. உன் முட்டியை மடக்கு, இல்லைன்னா உன் இடுப்பு போயிடும்.

— துணி நனைஞ்சா அடுத்த நிமிஷம் மாத்தணும். முதுகுல ஈரம் நிக்கக் கூடாது. விளக்கைப் போட்டுத் தூக்கத்தைக் கெடுக்காதீங்க, இந்த டார்ச்சை நான் வெச்சுட்டுப் போறேன், விரலால மூடிப் பாத்தாப் போதும். நடுராத்திரி திட்டுவாங்க. திட்டினாங்கன்னா நல்லா இருக்காங்கன்னு அர்த்தம். பேச்சு குழறினாலோ வாய் கோணினாலோ, யோசிக்காம எங்களுக்குப் போன்.

— மொதல்ல கீழ்வீட்டு அக்காவைக் கத்திக் கூப்பிடு. அப்புறம் போன்.

— என்ன பாக்கறீங்க? எங்க போறேன்னா? வேலைக்கு. இவளும் தான். ரெண்டு பேரும்.

— போயிட்டு வாங்கடி. டேய், அந்த முக்காலியை இழுத்துப் போட்டு உக்காரு. முதல்ல உன் மூஞ்சியை வெளிச்சத்துல காட்டு.

— அண்ணி, வேன் போயிடும்.

— வரேன். நீங்க பேசணும்னு வந்திருக்கீங்க. எனக்கும் பேச நிறைய இருக்கு. எங்க மூணு பேருகிட்டயும் சொன்ன மூணு கதையையும் நாங்க உக்காந்து சேத்துப் பாத்துட்டோம், அதனால நாலாவதா ஒண்ணு யோசிக்காதீங்க. எங்க வேலையில ஒரு வழக்கம் உண்டு. பொறுப்பை வாங்கிக்கிட்டவங்க, அடுத்த ஆள் வந்து நிக்கற வரைக்கும் கட்டிலை விட்டு நகரக் கூடாது. நீங்க யார் கையிலயும் குடுக்காமப் போனீங்க, நானும் இவளும் எடுத்துக்கிட்டோம், இவ்வளவு நாளா நகரல. இன்னிக்கு உங்க கையில குடுத்துட்டுப் போறேன். விடிஞ்சு நாங்க ரெண்டு பேரும் வந்து கதவைத் திறக்கும்போது நீங்க இந்த முக்காலில இருந்தீங்கன்னா, உங்களை இனிமே என்னன்னு கூப்பிடறதுன்னு அப்ப யோசிக்கறேன்.